வெட்டித் தளிர்த்த புங்கம் கத்திரியிலும் பச்சை, வெட்டாத புங்கம் வாட்டம்: ஓக் மரக் கணக்கு இங்கே செல்லுமா?

தாம்பரம்_நாற்று எழுதியது:

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு குடியிருப்பு வளாகச் சுவரோரம் ஒரே வயதுப் புங்க மரங்கள் 11 நிற்கின்றன. மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று அனுமதி வாங்கி, அதில் 5 மரங்களைப் போன செப்டம்பரில் அடியோடு அறுத்தார்கள். அடிக்கட்டை ஒவ்வொன்றும் ஒரு உயரம், 15 முதல் 40 செ.மீ. வரை. ஐப்பசி மழையில் ஐந்துமே தளிர்த்துவிட்டன. கட்டைக்கு 12லிருந்து 20 தளிர், இப்போது ஆள் உயரம்.

மண் சரளை கலந்த செம்மண். ஒன்றரை மீட்டர் தோண்டினால் சிதைந்த சார்னோகைட் பாறை தட்டும். டிசம்பருக்குப் பிறகு சொல்லும்படி மழை இல்லை. வெட்டாத 6 மரங்களில் காலை பத்து மணிக்கே இலை தொய்ந்து மங்குகிறது, உள்கிளைகளில் இலை பழுத்து உதிர்கிறது. வெட்டிய கட்டைகளிலோ இலை பெரிது, கரும்பச்சை, மதியம் வரை விறைப்பாக நிற்கிறது.

மத்தியதரைக் கடல் பக்கத்து ஓக் காடுகளில் மறுதாம்புத் தளிர்களுக்கு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வளர்பவை) ஒளிச்சேர்க்கை வேகமும் இலையின் நீர்நிலையும் வெட்டாத மரத்தைவிட மேலாக இருக்கும் என்று படித்தேன். இங்கே நடப்பதும் அதுதானா? இதைப் பார்த்துவிட்டு குடியிருப்போர் சங்கத்தில் "மிச்ச ஆறையும் வெட்டிவிடலாம், வறட்சி தாங்கும்" என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. அது சரியா? சரியில்லை என்றால் எதை அளந்து காட்டினால் ஒப்புக்கொள்வார்கள்? தளிர்களில் எத்தனையை விட வேண்டும்?


இலைத்துளை எழுதியது:

நடப்பது அதுதான். ஆனால் அதற்குப் பெயர் வறட்சி தாங்குவது அல்ல. பெரிய வேருக்குச் சின்னக் குடும்பம், அவ்வளவே.

தரைக்கு மேலே எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்கள், தரைக்குக் கீழே எதையும் தொடவில்லை. இலையிலிருந்து சர்க்கரை வரத்து நின்றதால் மெல்லிய வேர்களில் ஒரு பங்கு செத்திருக்கும். பாதி போனது என்றே வையுங்கள். இலைப்பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருந்தால், ஒரு சதுர மீட்டர் இலைக்குக் கிடைக்கும் வேர் இப்போது ஐந்து மடங்கு. மண்ணிலிருந்து இலை வரை தண்ணீர் வரும் பாதையின் கடத்துதிறன், இலைப்பரப்புக்கு இவ்வளவு என்று பார்த்தால், அதற்கேற்ப ஏறிவிடுகிறது. அதே நீராவிப்போக்கை இலை குறைந்த இழுவிசையில் நடத்த முடிகிறது. இழுவிசை குறைவாக இருப்பதால் இலைத்துளையை மூட வேண்டிய அவசரம் இல்லை. துளை திறந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருகிறது, ஒளிச்சேர்க்கை ஓடுகிறது.

உயரம் குறைந்ததுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அது சில்லறைக் கணக்கு. தண்ணீரை ஒரு மீட்டர் தூக்க 0.01 மெகாபாஸ்கல் அழுத்தம் போதும். 9 மீட்டர் மரம் 2 மீட்டர் ஆனால் மிச்சம் 0.07. புங்க இலை கோடை மதியத்தில் சந்திக்கும் இழுவிசைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. நீண்ட கிளைகளின் உராய்வும், காற்றுக்குமிழி அடைத்த பழைய சைலம் (நீர் ஏறும்) குழாய்களும் தொலைந்தது அதைவிடப் பெரிய லாபம்.

தண்ணீர் வழியைத் தவிர இலைக்குள்ளேயும் ஒன்று மாறுகிறது. வேரில் சேர்ந்திருந்த நைட்ரஜன், இப்போது இருக்கும் கொஞ்ச இலைகளுக்கே போகிறது. அதனால் ஒரே இலைப்பரப்பில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி கூடுகிறது, பச்சையம் கூடுகிறது. நீங்கள் பார்க்கும் கரும்பச்சை அதுதான். செய்த சர்க்கரையை உறிஞ்ச வளரும் தளிர்கள் காத்திருப்பதால் இலையில் சர்க்கரை தேங்கி ஒளிச்சேர்க்கையை மட்டுப்படுத்துவதும் இல்லை.

இனி சங்கத்துக்குக் காட்ட வேண்டிய கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். உங்கள் மரத்தை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வெட்டாத மரத்தின் இலைப்பரப்பு 60 சதுர மீட்டர், இலைத்துளைக் கடத்துதிறன் (துளை வழியே நீராவி எவ்வளவு எளிதாக வெளியேறும் என்ற அளவு) சதுர மீட்டருக்கு நொடிக்கு 60 மில்லிமோல் என்று வையுங்கள். மறுதாம்புக்கு 6 சதுர மீட்டர், 200 மில்லிமோல். காற்றின் ஆவியழுத்தப் பற்றாக்குறை (காற்று எவ்வளவு வறண்டு நீராவியை இழுக்கிறது என்ற அளவு) பகல் சராசரி 2 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தம் 101. கடத்துதிறனைப் பற்றாக்குறையால் பெருக்கி அழுத்தத்தால் வகுத்தால் நீராவிப்போக்கு. மறுதாம்புக்கு நொடிக்கு 4 மில்லிமோல் அளவில் வரும், அதாவது ஒரு சதுர மீட்டர் இலை மணிக்கு 257 கிராம் தண்ணீர் விடுகிறது. வெட்டாத மரத்துக்கு மணிக்கு 77 கிராம். எட்டு மணி நேரப் பகலுக்கு மறுதாம்பு 6 × 0.257 × 8, சுமார் 12 லிட்டர். வெட்டாதது 60 × 0.077 × 8, சுமார் 37 லிட்டர். உள்நிழல் இலைகளைக் கழிக்கவில்லை, ஆகவே 37 என்பது உச்சவரம்பு.

இலைக்கு இலை பார்த்தால் மறுதாம்பு மூன்று மடங்குக்கு மேல் செலவாளி. மரத்துக்கு மரம் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு.

வேர் பரவிய இடம் 20 சதுர மீட்டர், ஆழம் 1.5 மீட்டர் என்றால் 30 கன மீட்டர் மண். மழை முடிந்த அன்று அதில் பத்தில் ஒரு பங்கு மரம் எடுக்கக்கூடிய நீர் என்றால் 3,000 லிட்டர். ஜனவரி முதல் தேதி தொடங்கி நாளுக்கு 37 லிட்டர் எடுத்தால் 81 நாளில், மார்ச் கடைசிக்குள், இருப்பு காலி. 12 லிட்டர் எடுப்பவனுக்கு அது 250 நாள் வரும். கத்திரி வெயிலில் ஒன்று வாடி மற்றது வாடாததற்கு இந்த ஒரு வகுத்தல் போதும்.

இப்போது அடுத்த கோடை. இலைப்பரப்பு 30 சதுர மீட்டராக ஏறியிருக்கும். கடத்துதிறன் 200லேயே நின்றால் நாளுக்கு 62 லிட்டர். 3,000 லிட்டர் 49 நாளில் தீர்ந்துவிடும், வெட்டாத மரத்துக்கும் முன்னால்! இலை கூடக் கூடக் கடத்துதிறன் இறங்கும், மண் காயக் காய இன்னும் இறங்கும் என்பதால் அவ்வளவு மோசமாகாது. 130க்கு இறங்கினால் 40 லிட்டர். ஆக, சலுகை முதல் கோடைக்கு மட்டும், அதிகம் போனால் இரண்டாவதன் பாதி வரை. வேகமாக வளர்ந்த தளிரின் மரக்கட்டை பொதுவாக அடர்த்தி குறைந்தது, இலைச்சாறும் நீர்த்தது. எனவே இருப்பு தீர்ந்தால் முதிர்ந்த மரம் மெல்ல இலை கழிக்கும், மறுதாம்பு நுனியிலிருந்து கருகும்.


மலைக்காடு எழுதியது:

ஓக் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை, ஒரு எச்சரிக்கை.

முதலில், ஏற்காட்டில் மிளகுக்கொடி ஏற்றும் சில்வர் ஓக் ஓக்கே அல்ல. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரெவில்லியா. உண்மையான ஓக்கான குவெர்கஸ் பேரினம் இந்தியாவில் இமயமலையிலும் வடகிழக்கிலும்தான், மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாகக் கிடையாது. ஆகவே நீங்கள் படித்தது எல்லாம் இத்தாலி, பிரான்ஸ், பால்கன் பக்கத்து குவெர்கஸ் ஐலெக்ஸ், செர்ரிஸ், புபெசென்ஸ் போன்றவற்றைப் பற்றியதாக இருக்கும். விறகுக்கும் கரிக்கும் நூற்றாண்டுகளாக 15–30 ஆண்டுக்கு ஒரு முறை வெட்டி வந்த காடுகள் அவை.

பொருந்துவது: வேருக்கும் இலைக்கும் உள்ள விகிதம். இது எந்த மரத்துக்கும் பொது இயற்பியல்.

பொருந்தாதது இரண்டு. இலையுதிர் ஓக் வளையத்துளை மரம், பெரிய நீர்க்குழாய்கள் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் வரிசையாக அமையும். ஆண்டுதோறும் வசந்தத்தில் இலை விடும் முன்பே பெரிய விட்டமுள்ள புதுக் குழாய்களை, போன ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு கட்டியாக வேண்டும். அந்தச் சேமிப்பு குறைந்தால் அடுத்த ஆண்டின் குழாயே குறையும், ஒரு வறட்சியின் அடி அடுத்த ஆண்டிலும் தெரியும். புங்கம் பரவல்துளை மரம், குழாய்கள் கட்டை முழுதும் பரவியிருக்கும், பல ஆண்டுக் குழாய்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, அந்த நெருக்கடி இல்லை. இரண்டாவது, தட்பவெப்பம். அங்கேயும் குளிரில் மழை, வெயிலில் வறட்சி என்பதால் சென்னை மாதிரித் தோன்றும். ஆனால் அங்கே மழைக்காலத்தில் இலையுதிர் ஓக் உறங்குகிறது, விழுந்த மழை மண்ணில் அப்படியே கிடக்கிறது. இங்கே தை மாசியிலும் 30 டிகிரி. புங்கம் இலை கழிக்கும் அந்தச் சில வாரங்களைத் தவிர மரம் இருப்பைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. மே மாத வாட்டம் ஜனவரியிலேயே தொடங்கிவிட்ட கணக்கு.

இன்னொன்று: ஓக் காடுகளில் இன்று பெரிய தலைவலி, வெட்டாமல் கைவிட்ட கிழட்டு மறுதாம்பு. ஒரு கட்டையில் பல தண்டுகள், கீழே வயதான பெரிய வேர், அதன் சுவாசச் செலவைத் தாங்க மேலே போதிய இலை இல்லை. வறட்சி வந்தால் தண்டு தண்டாகக் காய்கிறது. அங்கே தண்டுகளைக் கழித்து எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழக்கமான சிகிச்சை. உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை அதில் இருக்கிறது.


கருவிப்பெட்டி எழுதியது:

அளப்பது பற்றி. பெரும்பாலான ஒப்பீடுகள் கெடுவது கருவியால் அல்ல, இலையைத் தேர்ந்த விதத்தால்.

இலை: முழுதாக விரிந்த, வெயில் பட்ட, நுனியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது கூட்டிலை. அதில் நுனிச் சிற்றிலையை மட்டும் எடுங்கள். புங்கத்தில் சிலந்தி உண்ணி உண்டாக்கும் முடிச்சு இல்லாத இலை சென்னையில் கிடைப்பதே அபூர்வம், இருந்தாலும் தேடி எடுக்க வேண்டும். முடிச்சும் இலைத்துளைப்பான் கோடும் உள்ள இலையில் எந்த அளவும் செல்லாது. மறுதாம்பின் இலை கீழே எட்டும், பெரிய மரத்தின் வெயில் இலை 8 மீட்டரில் இருக்கும். சோம்பல் பட்டுக் கீழ்க்கிளை நிழல் இலையை ஒப்பிட்டால் வித்தியாசம் பாதி வெளிச்சத்தால் வந்ததாக இருக்கும்.

நேரம்: தாம்பரத்தில் மே மாதம் கடல்காற்று கடற்கரையைவிடத் தாமதமாகவே எட்டும். அதற்கு முன் 38 டிகிரி, ஈரப்பதம் 40% என்றால் ஆவியழுத்தப் பற்றாக்குறை 4 கிலோபாஸ்கல். காற்று வந்து 33 டிகிரி, 70% ஆனால் 1.5. ஒரு மரத்தை ஒரு மணிக்கும் அடுத்ததை மூன்று மணிக்கும் அளந்தால் நீங்கள் அளந்தது காற்றைத்தான். வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று என்று மாற்றி மாற்றி, காலை 8.30 முதல் 10.30க்குள் முடியுங்கள். மதியச் சுற்று தனி.

கல்லூரி ஆய்வகத்தில் பிரஷர் சேம்பர் (இலை தண்ணீரை இழுக்கும் விசையை அளக்கும் அழுத்தக் கருவி) இரவல் கிடைத்தால் அதுவே ராஜா. மே மாதம் சூரிய உதயம் 5.45 வாக்கில். நான்கிலிருந்து ஐந்தரைக்குள் எடுக்கும் விடியல்முன் அளவு, இரவெல்லாம் மரம் மண்ணோடு சமநிலைக்கு வந்ததைச் சொல்லும். இரண்டு வகை மரத்துக்கும் விடியல்முன் அளவு ஒன்றாக இருந்து மதிய அளவு மட்டும் வேறானால், வித்தியாசம் பாதையின் கடத்துதிறனில். விடியல்முன் அளவே வேறானால், ஒன்று இருப்பைத் தீர்த்துவிட்டது, மற்றது தீர்க்கவில்லை. மேலே 'இலைத்துளை' என்ற நண்பர் போட்ட கணக்கு சரியா என்று இந்த ஒரு அளவே சொல்லிவிடும். 10 பார் என்றால் 1 மெகாபாஸ்கல். விடியல்முன் அளவு எதிர்மம் 1.5 மெகாபாஸ்கலைத் தாண்டினால் மேல்மண் நீர் முடிந்தது என்று பொருள்.

இலையை வெட்டும் முன்பே பிளாஸ்டிக் பையில் மூடுங்கள். திறந்த இலை ஒரு நிமிடத்துக்குள்ளேயே நீர் இழந்து அளவைக் கூட்டிக் காட்டும். காம்பை ஒரே வெட்டில் பிளேடால் நறுக்குங்கள், பிறகு மறுவெட்டு வேண்டாம். அழுத்தத்தை மெல்ல ஏற்றி, வெட்டுமுகம் ஈரம் கண்டு கருக்கும் கணத்தில் நிறுத்துங்கள். நுரை வந்தால் அளவு கிடையாது, ரப்பர் கசிகிறது. ஆல், அரசு போன்றவற்றில் பால் வடிந்து ஏமாற்றும். புங்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. காம்புக்கு நேர் மேலே முகத்தை வைக்காதீர்கள். அழுத்தம் ஏறிய நிலையில் காம்பு தெறித்தால் கண் போய்விடும்.

வாயுப் பரிமாற்றக் கருவி கிடைத்தால் ஒளிச்சேர்க்கை எண்ணை மட்டும் பார்க்காமல் இலைக்குள் உள்ள கார்பன் டை ஆக்சைடு செறிவையும் பாருங்கள். வெட்டாத இலையில் ஒளிச்சேர்க்கையும் குறைந்து உட்செறிவும் குறைந்தால் தடை துளையில். ஒளிச்சேர்க்கை குறைந்தும் உட்செறிவு குறையாமல் நின்றால் தடை நொதியில், இலை உள்ளே அடிபட்டிருக்கிறது. அது மீள ஒரு மழை போதாது.

நிலையான கார்பன் ஐசோடோப்பு பற்றியும் கேட்பீர்கள் என்பதால்: துளை திறந்தே இருந்த இலையில் கனமான கார்பனின் பங்கைக் காட்டும் எண் இன்னும் எதிர்மமாகும், அது நல்ல நீண்டகாலச் சாட்சி. ஆனால் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் போல வாகனப் புகை மிகுந்த இடத்தில் காற்றே மாறியிருக்கும். வளாகத்துக்குள்ளேயே இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள், வேறு ஊர் எண்ணோடு வேண்டாம்.


தாம்பரம்_நாற்று எழுதியது:

நன்றி. கையில் இருப்பது ஸ்பேட் மீட்டர் (இலையின் பச்சையத்தை அளப்பது), அகச்சிவப்பு வெப்பமானி, 0.001 கிராம் வரை காட்டும் தராசு. பிரஷர் சேம்பர் சந்தேகம்தான். இதை வைத்து ஏதாவது தேறுமா? சங்கத்தார் எண் கேட்கிறார்கள்.


கருவிப்பெட்டி எழுதியது:

தேறும். தராசு இருக்கிறதே, இலையின் ஒப்பு நீரளவு (இலை கொள்ளக்கூடிய நீரில் இப்போது இருப்பது எத்தனை சதவீதம்) எடுங்கள். மரத்துக்கு 6 சிற்றிலை. பறித்த உடன் மூடிய டப்பாவில் போட்டு எடை. பிறகு காம்பை மட்டும் தண்ணீரில் நிறுத்தி, இருட்டில், 4 மணி நேரம் விட்டு, மேல்நீரைத் துடைத்து எடை. பிறகு 70–80 டிகிரி அடுப்பில் 48 மணி நேரம் காயவைத்து எடை. முதல் எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்து, நிறைந்த எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்ததால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். விடியலில் ஒன்று, மதியம் ஒன்று. இலையை வட்டமாக நறுக்கி மிதக்கவிடும் முறையில் விளிம்பு வழியாக நீர் புகுந்து எண் கெடும், முழுச் சிற்றிலையே மேல். 100க்கு மேல் வந்தால், முதல் எடையின்போது இலைமேல் இருந்த பனிநீரைத் துடைக்காமல் எடை போட்டிருக்கிறீர்கள்.

வெப்பமானி: கதிர்வீச்சுத் திறன் 0.95க்கும் 0.98க்கும் நடுவில் வைத்து, 10 செ.மீ. தூரத்தில் இலைமேல் நேராக. பின்னால் வானமோ சுவரோ தெரியக் கூடாது. நீராவி விடும் இலை குளிர்ந்திருக்கும், துளை மூடிய இலை வெயிலில் காற்றைவிடச் சில டிகிரி கூடச் சுடும். இரண்டுக்கும் ஒரே சாய்வு, ஒரே வெயில் அவசியம். தொங்கும் இலை வெயிலை விலக்கிக்கொள்வதால் சூடு குறைந்து காட்டும், அந்தக் கண்ணியில் விழாதீர்கள்.

ஸ்பேட் எண் மறுதாம்பில் கூடத்தான் வரும். அது நைட்ரஜனையும் இலைத்தடிப்பையும் சொல்கிறது, தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சங்கத்தில் அதைக் காட்டினால் உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும்!


கட்டைக்கோடாலி எழுதியது:

தளிர் எண்ணிக்கை. 12–20 தளிர் இப்போதைக்கு இருக்கட்டும். மே மாதத்தில் கத்தரிக்காதீர்கள். இப்போது பத்தை எடுத்தால் வெட்டிய இடத்துக்குக் கீழே இன்னும் பத்து கிளம்பும், வேரின் மாவுச்சத்துதான் செலவு.

முதல் கழிப்பு ஆடி மழைக்குப் பிறகு, ஆகஸ்ட்–செப்டம்பர். 5 அல்லது 6 தளிர் வையுங்கள். இரண்டாவது, அடுத்த ஆண்டு தை மாசியில், இலை கழித்து நிற்கும்போது. 2 அல்லது 3 போதும். எதை வைப்பது என்றால், தடித்ததை அல்ல, தாழ்ந்ததை. மண்மட்டத்துக்கு ஒட்டிப் புறப்பட்ட தளிர் காலப்போக்கில் தன் வேரையே விடும், பிடிப்பு கெட்டி. 40 செ.மீ. கட்டையின் உச்சி விளிம்பில் புறப்பட்டது பட்டையோடு மட்டும் ஒட்டியிருக்கும், கட்டை உளுத்ததும் காற்றில் பிளந்துவிடும். 2016 டிசம்பர் 12 வர்தா மாதிரி ஒன்று வந்தால் முதலில் விழுவது இவைதான். நான்கு பக்கமும் ஒன்று என்பதுபோல எதிரெதிர் திசையில் தேர்ந்தெடுங்கள்.

உயரக் கட்டைகளைச் சரி செய்ய விரும்பினால் இரண்டாவது கழிப்பின்போது, தாழ்ந்த தளிருக்கு மேல் 5 செ.மீ. விட்டு, வெளிப்பக்கம் சாய்வாக, ரம்பத்தால் அறுங்கள். கோடாலி பட்டையைக் கிழிக்கும், பட்டை கழன்ற இடத்தில் உறங்கும் மொட்டு செத்துவிடும். நீர் தேங்காத சாய்வு முக்கியம்.

தண்ணீர்: தினம் ஒரு குடம் ஊற்றுவது மேல்வேரை மட்டும் வளர்க்கும். தண்டிலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் தள்ளி வளையப்பாத்தி, 12–14 நாளுக்கு ஒரு முறை 150 லிட்டர். வளையத்துக்குள் சருகு மூடாக்கு 8 செ.மீ., கட்டையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. செம்மண்ணில் கரையான் ஏறும். வாரம் ஒரு முறை கட்டையைப் பார்த்து மண்புற்றைத் தட்டிவிட்டால் போதும். யூரியா வேண்டவே வேண்டாம். புங்கம் வேர்முடிச்சில் தானே நைட்ரஜன் சேர்ப்பது. யூரியா போட்டால் இலை இன்னும் பெருக்கும், இரண்டாவது கோடையின் கணக்கு இன்னும் மோசமாகும்.


இலைத்துளை எழுதியது:

கட்டைக்கோடாலி சொல்வதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். ஆகஸ்டில் கழித்தால் வடகிழக்குப் பருவமழையில் மிச்சத் தளிர்கள் இலையைப் பெருக்கி, ஜனவரிக்குள் அதே இலைப்பரப்புக்கு வந்துவிடும். கழித்ததன் பலன் கோடைக்கு முன்பே கரைந்துவிடுகிறது. கழிப்பின் நோக்கம் நீரைச் சேமிப்பது என்றால், பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசி–ஜனவரியில் ஒரே கழிப்பாக 3க்குக் கொண்டுவருவது மேல். மறுதளிர்ப்பும் அப்போது மந்தமாக இருக்கும்.


கட்டைக்கோடாலி எழுதியது:

நீர்க்கணக்குக்கு அது சரி. ஆனால் 15 தளிர் அடர்ந்த புதர் நவம்பர் புயற்காற்றில் பாய்மரம் மாதிரி நிற்கும். காற்று முதலில், தண்ணீர் பிறகு என்பதே என் வரிசை. சுவரோர மரம் என்றால் இரண்டையும் செய்யலாம்: செப்டம்பரில் உயரமான, வலுவற்ற இணைப்புள்ளவற்றை மட்டும் எடுத்து 8க்கு இறக்குங்கள், ஜனவரியில் 3.


இலைத்துளை எழுதியது:

அது ஒத்துக்கொள்ளக்கூடியதே.

மிச்ச ஆறு மரங்களைப் பற்றி. வெட்டியே ஆக வேண்டும் என்றால் எப்போது என்பது வேரின் மாவுச்சத்தைப் பொறுத்தது. புங்கம் மார்ச்–ஏப்ரலில் புதிதாகத் துளிர்க்கிறது, அந்தத் துளிருக்கான செலவு எல்லாம் சேமிப்பிலிருந்து. இப்போது, மே மாதத்தில், சேமிப்பு அடிமட்டத்தில், மண்ணும் காய்ந்து கிடக்கிறது. இப்போது வெட்டினால் தளிர் வரும், ஆனால் நோஞ்சானாக வரும், வந்ததும் வெயிலில் கருகலாம். செப்டம்பரில் வெட்டிய ஐந்தும் நன்றாக வந்ததற்குப் பாதிக் காரணம், இலை முழுக் கோடையும் கடந்து சேமித்திருந்தது, உடனே மழையும் வந்தது.

சோதித்துப் பார்க்கலாம். தண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பென்சில் தடிமனுள்ள வேர் ஒன்றை 5 செ.மீ. நறுக்குங்கள். 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை 10 மி.லி. தண்ணீரில் முதலில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடின் போட்டு, முழுதும் கரைந்த பின் 300 மி.லி. ஆக்குங்கள். அயோடினை நேரே தண்ணீரில் போட்டால் மிகக் கொஞ்சமே கரையும், அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். புது வெட்டுமுகத்தில் இரண்டு சொட்டு விட்டு 2 நிமிடம். மரக்கதிர்கள் (நடுவிலிருந்து பட்டை நோக்கிப் போகும் கோடுகள்) கருநீலமாக ஓடினால் இருப்பு உண்டு. வெறும் மஞ்சள்பழுப்பாக நின்றால் இல்லை. இதே சோதனையை மறுதாம்புக் கட்டையின் வேரிலும் செய்து பாருங்கள். மேலே கரும்பச்சை, கீழே மஞ்சள் என்று வந்தால் சங்கத்தாருக்கு வேறு விளக்கமே வேண்டாம். கடனில் வாங்கிய பச்சை அது.

நிழலையும் கணக்கில் சேருங்கள். 60 சதுர மீட்டர் இலை தந்த நிழலை 6 சதுர மீட்டர் தராது. வாடிய மரத்தின் நிழலும் நிழல்தான்.


வேம்படி எழுதியது:

தலைப்புக்குச் சற்று வெளியே. அதே வளாகத்தில் வேம்பு இருந்து அதன் நுனிகளும் காய்ந்திருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழை முடிந்து குளிர்மாதங்களில் நுனிக்கொத்து மட்டும் தீய்ந்த மாதிரிப் பழுப்பாவது தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து செய்வது, வறட்சி அல்ல. வறட்சியில் பழைய, உள்ளிலை முதலில் போகும். நோயில் இளநுனி முதலில் போகும்.


தாம்பரம்_நாற்று எழுதியது:

தெளிவு. ஆறையும் இப்போதைக்குத் தொடவில்லை. வரும் ஞாயிறு விடியலில் ஒப்பு நீரளவும் அயோடின் சோதனையும் தொடங்குகிறோம். 11 மரத்தையும் ஒரே நாளில் எடுக்க வேண்டுமா?


கருவிப்பெட்டி எழுதியது:

ஒரே நாளில் எடுக்க முடியாவிட்டால் நாளுக்கு 2 வெட்டியது, 2 வெட்டாதது என்று இணையாகப் பிரியுங்கள். முதல் நாள் வெட்டியது மட்டும், மறுநாள் வெட்டாதது மட்டும் என்று போகாதீர்கள். தோட்டக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: அளவு எடுக்கும் நாளுக்கு முந்தைய நான்கு நாள் அந்தச் சுவரோரம் குழாய் திறக்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது கார் கழுவுகிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.